போருக்கு ஒரு சம்பளம், அமைதிக்கு ஒரு சம்பளம்

ஒப்பந்தத்தில் இரண்டு தொகைகள் எழுதியிருக்கும். போர் நடந்தால் இவ்வளவு, நடக்காவிட்டால் இவ்வளவு. அமைதிக்காலத் தொகை குறைவுதான். ஆனால் அது சும்மா இருப்பதற்கான சம்பளம். எதிரி பக்கம் போய்விடாமல் இருப்பதற்கான சம்பளம் என்றால் இன்னும் சரியாக இருக்கும். கையெழுத்தானதும் முன்பணம், பிறகு தவணை தவணையாக மீதி. இத்தனை மாதம் கட்டாய வேலை, அது முடிந்ததும் முதலாளி விரும்பினால் இத்தனை மாதம் நீட்டிப்பு. 15-ம் நூற்றாண்டு இத்தாலியில் படை இப்படித்தான் வாடகைக்குக் கிடைத்தது. ஃப்ளோரன்ஸ், மிலான், வெனிஸ், நேப்பிள்ஸ், ரோமில் இருந்த போப் என்று ஐந்து பெரிய கைகள். ஐந்துக்கும் பணம் இருந்தது, பகை இருந்தது. சொந்தப் படைதான் போதவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைத்த தளபதிகளுக்கு கொண்டோட்டியேரி என்று பெயர். அவர்களில் மிக அதிகமாகச் சம்பாதித்தவர்களில் ஒருவர், உர்பினோ என்ற மலையூரின் பிரபு ஃபெதெரிகோ தா மொன்டெஃபெல்ட்ரோ.

வேலைக்காலம் முழுக்கப் பஞ்சாயத்து, நகராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தே ஓய்வு பெற்றவன் நான். ஓவியம் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு கட்டடத்தைப் பார்த்தால் இதற்குப் பணம் எந்தத் தலைப்பில் வந்தது என்று கேட்கும் புத்தி இன்னும் போகவில்லை. ஃபெதெரிகோவைப் பற்றி எழுதுபவர்கள் அநேகமாக அவருடைய செலவுப் பக்கத்தை மட்டும் படிக்கிறார்கள். நூலகம், அரண்மனை, ஓவியர்கள், அறிஞர்கள். வரவுப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை. 2022-ல் அவர் பிறந்து 600 ஆண்டு ஆனதை இத்தாலியில் கண்காட்சிகள் வைத்துக் கொண்டாடினார்கள். படித்த அரசன், பண்பான அரசன், வரியைக் குறைத்த அரசன் என்று அந்தச் சமயத்தில் வந்த புகழுரைகளைப் படித்தபோது, பாதிக் கணக்கை மட்டும் மேஜையில் வைத்துக் கையெழுத்துக் கேட்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

அவர் 1422-ல் பிறந்தவர். உர்பினோ பிரபு குவிடன்டோனியோவுக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளை; போப்பின் ஆணையால் முறைப்பிள்ளையாக ஏற்கப்பட்டவர். 11 வயதில் சமாதான ஒப்பந்தத்துக்குப் பிணையாக வெனிஸுக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து மன்டுவாவுக்குப் போனதுதான் அவர் வாழ்க்கையின் அதிர்ஷ்டம். விட்டோரினோ தா ஃபெல்ட்ரே என்ற ஆசிரியர் அங்கே நடத்திய பள்ளியில் பிரபுக்களின் பிள்ளைகளும் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து லத்தீனும் கணிதமும் படித்தார்கள், குதிரையேற்றமும் உண்டு. ஃபெதெரிகோ கடைசிவரை அந்த ஆசிரியரை மறக்கவில்லை. தன் படிப்பறையில் மாட்டிய மகான்களின் படவரிசையில் பிளேட்டோ, அரிஸ்டாட்டில், சிசரோவோடு விட்டோரினோவுக்கும் ஓர் இடம் கொடுத்தார். மனிதரிடம் எனக்கு மறுபேச்சில்லாமல் பிடித்த காரியம் அது.

16 வயதில் படைத்தொழிலில் இறங்கினார். பட்டத்துக்கு உரியவர் அவர் இல்லை, தம்பி ஒட்டன்டோனியோ. முறைப்படி மணந்த மனைவியின் பிள்ளை. அந்தப் பையன் ஆட்சிக்கு வந்து ஒன்றரை வருஷம்கூட நிற்கவில்லை. வரிச்சுமை தாங்காத ஊர், அவனுடைய ஆலோசகர்களின் அட்டகாசம் வேறு. 1444 ஜூலை 22 விடிவதற்குள் அரண்மனைக்குள்ளேயே வெட்டிப் போட்டார்கள். வயது 16. அண்ணன் மறுநாளே படையோடு ஊர்வாசலில் வந்து நின்றார். இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தார் என்று அன்றைக்கே கேட்டார்கள், இன்றைக்கும் கேட்கிறார்கள். அது நிரூபணம் ஆகாத சந்தேகம், நான் அதில் எதையும் ஏற்றிச் சொல்லப்போவதில்லை. அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஊர்க்காரர்கள் கதவைத் திறப்பதற்கு முன் நிபந்தனைப் பட்டியலை நீட்டினார்கள். கொலைக்காக யாரையும் தண்டிக்கக் கூடாது, வரியைக் குறைக்க வேண்டும் என்பவை அதில் இருந்தன. ஃபெதெரிகோ ஒப்புக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் 38 வருஷம் ஆண்டார். ஊரில் அவருக்கு எதிராகக் கலகம் என்று பெரிதாக ஒன்றும் எழவில்லை.

வரியைக் குறைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாட்டின் பரப்பையும் மூன்று மடங்காக்கி, ஐரோப்பாவே பேசும் அரண்மனையும் கட்டுவது எப்படி? நிலம் மலைநிலம்; விளைச்சல் சொற்பம்; துறைமுகமோ பெரிய வாணிபமோ கிடையாது. விடை எளிது. வருமானம் வெளியிலிருந்து வந்தது. ஃப்ளோரன்ஸ் வியாபாரி கட்டிய வரி, நேப்பிள்ஸ் குடியானவன் கட்டிய வரி, போப்புக்குப் போன காணிக்கை எல்லாம் ஒப்பந்தத் தொகையாக மாறி உர்பினோ கஜானாவுக்கு வந்தன. உர்பினோ மக்கள் குறைவாக வரி கட்டினார்கள் என்பது உண்மை. அந்த வித்தியாசத்தை வேறு ஊர்க்காரர்கள் கட்டினார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

ஆனால் பிரபு மட்டும் சம்பாதித்து ஊர் வேடிக்கை பார்த்தது என்று நினைத்தால் அது தவறு. படைவீரர்களில் பெரும்பகுதி அந்த மலைக்கிராமங்களின் பிள்ளைகள். நான்கு மகன் இருக்கிற வீட்டில் நிலம் ஒருவனுக்குத்தான் போதும் என்றால், மற்றவர்களுக்குப் பிரபுவின் படைதான் பிழைப்பு. சம்பளம் வீட்டுக்கு வந்தது. கொள்ளையில் பங்கும் வந்தது. ஊர் ஏன் 38 வருஷம் விசுவாசமாக இருந்தது என்பதற்கு அவருடைய பண்பு ஒரு காரணம் என்றால் இது இன்னொன்று. ஊரே ஒரு தொழிலில் இருந்தது.

அந்தத் தொழிலின் கணக்குப் பதிவுகள் எனக்குத் தனி விருந்து. படையை வாடகைக்கு எடுக்கும் நகரங்களுக்கு எப்போதும் ஒரே பயம்: 300 குதிரைக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு 200 குதிரையோடு வந்து நின்றால்? அதனால் கணக்கர்கள் முகாமுக்கே போய்ப் படையை நிறுத்திவைத்து எண்ணினார்கள். ஆளின் பெயர், ஊர், அவன் குதிரையின் நிறம், நெற்றியில் வெள்ளை உண்டா, தழும்பு எங்கே என்று வரிவரியாக எழுதினார்கள். இன்று ஒரு முகாமில் காட்டிய குதிரையை நாளை அடுத்த முகாமில் காட்ட முடியாதபடி ஏற்பாடு. குறைந்த தலைக்குப் பிடித்தம். மஸ்டர் ரோலில் செத்தவர் பெயரும் வெளியூர் போனவர் பெயரும் கைநாட்டு வைப்பதைப் பார்த்துப் பழகியவனுக்கு, 550 வருஷத்துக்கு முன் சேற்றில் நின்று குதிரைத் தழும்பை எழுதிய அந்தப் பெயர் தெரியாத கணக்கரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஃபெதெரிகோ பேரம் பேசுவதில் கெட்டி. ஆனால் பேசிய ஒப்பந்தத்தைக் காலத்துக்குள் முறிக்காதவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. அந்தத் தொழிலில் அது அரிது. அதனால்தான் விலையும் அதிகம். ஒப்பந்தம் முடிந்த மறுநாள் எதிர்ப்பக்கம் போகலாம், அது துரோகம் ஆகாது. ரிமினி பிரபு சிஜிஸ்மொண்டோ மலடெஸ்டா அவருக்குப் பரம்பரைப் பகையாளி. இரண்டாம் பயஸ் போப்பாக இருந்தபோது அவர் சார்பில் ஃபெதெரிகோ 1462-லும் 1463-லும் சிஜிஸ்மொண்டோவை அடித்து ஒடுக்கினார். ஃபானோ நகரம் கைமாறியது. ஆறே வருஷம். 1469-ல் அடுத்த போப், செத்துப்போன சிஜிஸ்மொண்டோவின் ரிமினியை முழுசாக விழுங்கப் பார்த்தபோது, போப்பின் படையை முறியடித்து ரிமினியைக் காப்பாற்றியவரும் ஃபெதெரிகோதான். சிஜிஸ்மொண்டோவின் மகன் ரொபெர்டோவுக்குத் தன் மகளையும் கட்டிக்கொடுத்தார். போப் ரொம்பப் பெரியவர் ஆகிவிட்டால் பக்கத்தில் இருக்கும் உர்பினோவுக்கும் ஆபத்து என்ற கணக்கு அதில் இருந்தது. அண்டை வீட்டுக்காரன் பகையாளியாக இருந்தாலும் அவன் சுவர் இடிந்தால் நம் சுவரும் ஆடும்.

இப்போது அந்தச் செலவுப் பக்கம். நியூஜெர்சியில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனான். அங்கே குப்பியோ ஊரில் இருந்த ஃபெதெரிகோவின் இரண்டாவது படிப்பறையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், 1939-ல் வாங்கியது. சின்ன அறை. சுவரைச் சுற்றிலும் மர அலமாரிகள், சில கதவுகள் பாதி திறந்து கிடக்கின்றன. உள்ளே புத்தகங்கள், ஒரு யாழ் வகை வாத்தியம், வான்கோள வளையங்கள், கூண்டுக்குள் கிளி. கிட்டப் போனால்தான் தெரிகிறது, அலமாரியே கிடையாது. கதவும் இல்லை, திறப்பும் இல்லை. எல்லாம் தட்டைச் சுவர். நிறம் நிறமான மரத்துண்டுகளைச் சீவிப் பொருத்திச் செய்த இழைப்பு வேலை. நிழல்கூட மரம்தான், கறுத்த மரத்தை வெட்டி நிழல் விழும் இடத்தில் பதித்திருக்கிறார்கள். அந்த நிழல்கள் கண்டபடி விழவில்லை. அறையின் சன்னல் இருக்கும் திசையைக் கணக்கில் வைத்தே விழுகின்றன. என் மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். எனக்கு நகர மனமில்லை.

உர்பினோவில் இருக்கும் முதல் படிப்பறை இன்னும் பிரசித்தம். அங்கே மர அலமாரி ஒன்றுக்குள் கவசத்தைக் கழற்றி அடுக்கிவைத்ததுபோல் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் பிரபு நீண்ட அங்கியில் நிற்கிறார். கையில் ஈட்டி, முனை தரையைப் பார்த்து. போரை வெளியே விட்டுவிட்டுப் படிக்க வந்திருக்கிறேன் என்கிறது அறை. அழகான பொய். வெளியே போர் நடந்ததால்தான் அறை கட்ட முடிந்தது.

வொல்டேராவுக்கு வருகிறேன். அந்த ஊர் ஃப்ளோரன்ஸின் பிடியில் இருந்த பழைய மலைநகரம். பக்கத்தில் படிகாரம் இருப்பது தெரியவந்தது. சவரக்கடையில் தேய்க்கிற, வாசலில் திருஷ்டிக்குக் கட்டுகிற அதே படிகாரம்தான். அந்தக் காலத்தில் கம்பளித் துணியில் சாயம் நிற்க அது இல்லாமல் முடியாது. ஃப்ளோரன்ஸின் செல்வமோ கம்பளித் துணியில் இருந்தது. சுரங்கத்தின் குத்தகை, ஃப்ளோரன்ஸை ஆட்டிவைத்த மெடிச்சி குடும்பத்துக்கு வேண்டப்பட்டவர்கள் இருந்த ஒரு கூட்டுக்குப் போனது. ஊர்க்காரர்கள் எங்கள் மண்ணின் லாபம் எங்களுக்கு வேண்டும் என்றார்கள். வழக்கு, தகராறு, 1472 தொடக்கத்தில் கலவரம். குத்தகைக்காரர்களில் முக்கியமான பாவோலோ இங்கிராமி அதில் கொல்லப்பட்டார். ஃப்ளோரன்ஸிலேயே தொம்மாசோ சொதெரினி போன்ற மூத்தவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதாக, அந்த ஊரின் வரலாற்றை எழுதிய மாக்கியவெல்லி சொல்கிறார். மெடிச்சி குடும்பத் தலைவரான இளைஞர் லொரென்சோ படைதான் என்றார். படையை நடத்த ஃபெதெரிகோவை ஒப்பந்தம் செய்தார்கள்.

முற்றுகை ஒரு மாதம்கூட நீளவில்லை. ஜூன் நடுவில் ஊர் சரணடைந்தது. எழுத்தில் நிபந்தனை வாங்கிக்கொண்டுதான் கதவைத் திறந்தார்கள்: உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு. 28 வருஷம் முன்பு உர்பினோ மக்கள் கேட்டதுபோலவே. உர்பினோவுக்குக் கொடுத்த வாக்கு நின்றது. வொல்டேராவுக்குக் கொடுத்தது நிற்கவில்லை. படை உள்ளே புகுந்து கொள்ளையடித்தது. கொலையும் பெண்கள் மீதான கொடுமையும் நடந்தன. யார் முதலில் தொடங்கினார்கள் என்பதற்குப் பல கதைகள் உண்டு. தளபதி யார் என்பதில் சந்தேகமில்லை.

அவருக்காகப் பேசும் முக்கியமான சாட்சி வெஸ்பசியானோ தா பிஸ்டிச்சி. ஃபெதெரிகோ கொள்ளையைத் தடுக்கப் பாடுபட்டார், முடியாமல் கண்கலங்கினார் என்ற வகையில் எழுதியிருக்கிறார். இருக்கலாம். ஆனால் வெஸ்பசியானோ யார்? ஃப்ளோரன்ஸின் பெரிய புத்தக வியாபாரி. ஃபெதெரிகோவின் நூலகத்துக்கு ஏடுகள் எழுதுவித்துக் கொடுத்தவர். 30, 40 எழுத்தர்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார்கள் என்றும் மொத்தச் செலவு 30,000 டுகாட் பொற்காசுக்கு மேல் என்றும் சொல்பவர் அவரேதான். அச்சடித்த புத்தகத்தை அந்த நூலகத்தில் வைக்க வெட்கப்பட்டிருப்பார்கள் என்று பெருமைப்பட்டவரும் அவரே. அச்சு வந்து அவர் தொழில் படுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தன் மிகப் பெரிய வாடிக்கையாளருக்கு ஒரு வியாபாரி எழுதிக் கொடுத்த நற்சான்று. அதைக் கோப்பில் வைக்கலாம்; அதை மட்டும் வைத்துக் கோப்பை மூட முடியாது.

ஏனென்றால் வேறு பதிவுகள் இருக்கின்றன. ஃப்ளோரன்ஸ் அவருக்கு வெற்றிப் பரிசாக வெள்ளித் தலைக்கவசம் கொடுத்தது; பொல்லாயுவோலோ என்ற பொற்கொல்லர் செய்தது. குடியுரிமை கொடுத்தது, மாளிகை கொடுத்தது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கொள்ளைபோன வீடுகளில் ஒன்று மெனாகெம் பென் அகரோன் என்ற யூதச் செல்வருடையது. எபிரேய ஏடுகளைச் சேர்த்துவைத்திருந்த வீடு. அந்த ஏடுகள் உர்பினோ நூலகத்துக்கு வந்து சேர்ந்த வழி இதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவற்றில் ஒன்று 13-ம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட மாபெரும் எபிரேய பைபிள்; ஒரு ஆள் தூக்கிக்கொண்டு நடப்பது கஷ்டம். கொள்ளையைத் தடுக்க முடியாமல் போனவரின் அலமாரிக்கு அது தானாக நடந்துவரவில்லை. யாரோ எடுத்தார்கள், யாரோ கட்டினார்கள், வண்டியில் ஏற்றினார்கள், உர்பினோவில் யாரோ பதிவேட்டில் வரவு வைத்தார்கள்.

இத்தனைக்கும் காரணமான சுரங்கம்? லாபம் இல்லை என்று சில வருஷங்களில் கைவிட்டார்கள்.

வெற்றியோடு வீடு திரும்பிய சில வாரங்களில், ஜூலையில், மனைவி பட்டிஸ்டா ஸ்ஃபோர்சா இறந்துபோனாள். வயது 26. வரிசையாகப் பெண்பிள்ளைகளுக்குப் பிறகு ஜனவரியில்தான் ஆண் வாரிசு குவிடோபால்டோவைப் பெற்றிருந்தாள். புருஷன் போருக்குப் போயிருந்த மாதங்களிலெல்லாம் உர்பினோவை நிர்வாகம் செய்தவள் அவள்தான். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவளுக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுப்பதில்லை. இதோ நானும் கொடுக்கவில்லை.

இருவரையும் சேர்த்துப் பியரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டிய இரட்டைச் சித்திரம் ஃப்ளோரன்ஸின் உஃபிஸி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாடப்புத்தக அட்டைகளில் வந்த படம்: சிவப்புத் தொப்பி, மடிந்த கழுத்து, பாலம் உடைந்த மூக்கு. 1450-ல் ஈட்டிப் பந்தயம் ஒன்றில் வலது கண் போனது. அதனால் எப்போதும் இடது பக்கத்தைத்தான் காட்டுவார். பக்கவாட்டு முகம் வரைவது அந்தக் கால வழக்கம்தான், பழைய ரோமானியக் காசுகளைப் பார்த்துப் பழகியது. ஆனால் தம்பதி படத்தில் புருஷன் இடப்புறமும் மனைவி வலப்புறமும் இருப்பது மரபு. இங்கே இடம் மாறியிருக்கிறது. அவருடைய நல்ல பக்கம் தெரிவதற்காக அவள் இடம் மாற்றப்பட்டாள். மருவையும் சுருக்கத்தையும் ஒளிக்காமல் வரைந்த ஓவியர். வலது கண்ணை மட்டும் சட்டத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டார்.

1474-ல் போப் நான்காம் சிக்ஸ்டஸ் அவரை டியூக் ஆக்கினார். மகள் ஒருத்தி போப்பின் உறவினர் ஜியோவான்னி தெல்லா ரோவெரேவுக்கு நிச்சயமானாள். அதே வருஷம் இங்கிலாந்து மன்னர் கார்ட்டர் விருது அளித்தார். நான்கு வருஷம் கழித்து, 1478 ஏப்ரல் 26 ஞாயிறு, ஃப்ளோரன்ஸ் பேராலயத்தில் பூசை நடக்கும்போது கத்திகள் வெளியே வந்தன. லொரென்சோவின் தம்பி ஜூலியானோ அங்கேயே செத்தான். லொரென்சோ கழுத்தில் காயத்தோடு தப்பினார். மெடிச்சிகளின் போட்டிக் குடும்பமான பாட்ஸிகளின் பெயரில் வழங்கும் சதி இது. போப்பின் ஆட்கள் பின்னால் இருந்தது அப்போதே வெளியானது. பண்பான டியூக்குக்கு இதில் நேரடிப் பங்கு என்று நெடுங்காலம் யாரும் அழுத்தமாகச் சொல்லவில்லை.

2001-ல் உர்பினோவின் ஒரு தனியார் குடும்ப ஆவணக்கட்டில் மார்செல்லோ சிமொனெட்டா என்ற வரலாற்றாய்வாளர் ஒரு கடிதத்தைக் கண்டெடுத்தார். 1478 பிப்ரவரி 14 தேதியிட்டு, ரோமில் இருந்த தன் தூதர்களுக்கு ஃபெதெரிகோ அனுப்பியது. நடுவில் பெரும்பகுதி சங்கேதக் குறிகள். சிமொனெட்டாவின் முன்னோர்களில் ஒருவரான சிக்கோ சிமொனெட்டா மிலான் அரசின் செயலராக இருந்தவர்; சங்கேத எழுத்தை உடைக்கும் விதிகளை 1474-ல் எழுதிவைத்தவர். அந்த விதிகளை வைத்துப் பேரன் கடிதத்தைப் படித்தார். லொரென்சோவைத் தீர்த்துக்கட்டும் திட்டம் டியூக்குக்கு முன்கூட்டியே தெரியும். அதோடு, காரியம் முடிந்ததும் நகரத்தைப் பிடிக்க 600 வீரர்களைத் தயார் நிலையில் வைத்திருந்தார். ஆறு வருஷம் முன்பு வெள்ளிக் கவசம் கொடுத்த அதே ஊர், அதே லொரென்சோ. இடையில் ஒப்பந்தம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

523 வருஷம் ஒரு கட்டில் கிடந்து, வேளை வந்ததும் பேசியது அந்தத் தாள். எரித்திருக்கலாம், எரிக்கவில்லை. அலுவலகத்தில் பெரிய பெரிய முறைகேடுகள் வெளிவருவதும் இப்படித்தான், வேண்டாத நகல் ஒன்றைக் கிழிக்க யாரோ மறந்துபோவதால்.

அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று ஒரு பதில் வரும். அந்தக் காலத்தில்தான் வொல்டேராக்காரர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வாக்கு என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. அதனால்தான் எழுத்தில் வாங்கினார்கள். சொதெரினியும் அந்தக் காலத்து ஆள்தான். இன்னொரு பதில், அழகான நூலகமாவது மிஞ்சியதே, மற்ற தளபதிகள் அதுவும் செய்யவில்லையே என்பது. இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. அந்த மர நிழலை நானும் பார்த்தவன். அறையை மூடச் சொல்லவில்லை. அறையின் வரலாற்றில் வொல்டேராவைச் சேர்க்கச் சொல்கிறேன். வரியைக் குறைத்த அரசன் என்று ஒருவரைப் பாராட்டும் வாக்கியத்தில், குறைந்த தொகையை யார் கட்டினார்கள் என்பதும் இடம்பெற வேண்டும். இரண்டாவது பாதி இல்லாத வாக்கியத்தை நான் வேலையில் இருந்தபோது திருப்பி அனுப்பியிருப்பேன், தணிக்கைத் தடை எழுதி.

கடைசி ஒப்பந்தம் 1482. வெனிஸ் ஃபெராராவின் மேல் பாய்ந்தது. போப்பும் வெனிஸ் பக்கம். ஃபெராராவைக் காக்க மிலானும் நேப்பிள்ஸும் ஃப்ளோரன்ஸும் சேர்ந்து ஃபெதெரிகோவைத் தலைமைத் தளபதியாக்கின. ஆம், ஃப்ளோரன்ஸும், லொரென்சோவின் பணமும் அந்தச் சம்பளத்தில் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் போப்பின் படைக்குத் தளபதி, ஃபெதெரிகோ காப்பாற்றிய அதே ரொபெர்டோ மலடெஸ்டா, அவருடைய மருமகன். இருவரும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளவில்லை. ஃபெதெரிகோ போ நதியின் சதுப்பில் முகாம் போட்டிருந்தார். கொசுவும் காய்ச்சலும் படையைச் சாய்த்தன, தளபதியையும் விடவில்லை. செப்டம்பர் 10-ல் ஃபெராராவில் இறந்தார். வயது 60. மருமகன் அதே தேதியில் ரோமில் காய்ச்சலில் இறந்தார்.

பத்து வயது குவிடோபால்டோ பட்டத்துக்கு வந்தான். புத்திசாலி, பண்பாளன், அவன் அரண்மனை உரையாடல்களை வைத்துத்தான் காஸ்டில்யோனே என்ற எழுத்தாளர் அரசவையாளன் எப்படி இருக்க வேண்டும் என்ற தன் புகழ்பெற்ற நூலை எழுதினார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை, மூட்டுநோய் படுக்கையில் தள்ளியது. அப்பாவுக்குக் கிடைத்த ஒப்பந்தங்கள் அவனுக்கு அந்த விலைக்குக் கிடைக்கவில்லை. 1502-ல் அப்போதைய போப்பின் மகன் செசாரே போர்ஜியா ஒரே இரவில் உர்பினோவைத் தட்டிப் பறித்தான். டியூக் உயிர் தப்பி ஓட வேண்டியிருந்தது. அரண்மனையின் செல்வங்களை மூட்டை கட்டி வண்டியில் ஏற்றினார்கள். வொல்டேராவில் நடந்தது உர்பினோவுக்கும் நடந்தது. மறு வருஷம் ஊர் திரும்பக் கிடைத்தாலும் அந்தப் பழைய கஜானா திரும்பவில்லை.

நாடு 1631-ல் போப்பின் ஆட்சிக்குள் போனது. நூலகத்தை 1657-ல் ரோமுக்குக் கொண்டுபோனார்கள். மெனாகெமின் வீட்டிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அந்தப் பெரிய பைபிள் இப்போது வத்திக்கான் நூலகத்தில், உர்பினோ தொகுப்பின் எபிரேயப் பிரிவில், 1 என்ற எண்ணில் இருக்கிறது. அதை எந்தக் கண்காட்சியில் வைத்தாலும், எந்தப் புத்தகத்தில் படம் போட்டாலும், டியூக்கின் பெயருக்குப் பக்கத்தில் மெனாகெம், வொல்டேரா, 1472 என்ற மூன்றையும் அதே அளவு எழுத்தில் போட வேண்டும்.